எல்லாமே அத்தியாவசியம்

குரு என்றதும் தாடியும் ஆலமரமும் நினைவுக்கு வந்தால் அவற்றை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் கதையின் குரு மரகதவல்லி. நாற்பதைத் தாண்டிய பெண், எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். மில், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று பெரிய வளாகங்களுக்குக் கரண்ட் எங்கிருந்து வர வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில்.

சீடர் செல்லப்பாண்டியன் அவரைவிட மூத்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இவரிடம் வந்து சேர்ந்தவர். குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார்.

ஒரு நாள் மாலை சீடர் ஆபீசுக்குள் வந்து, கையில் இருந்த வரைபடச் சுருளை மேஜை மேல் பொத்தென்று போட்டார்.

"என்னால முடியாது மேடம். ஆளை விடுங்க."

"என்ன ஆச்சு சார்?"

"அந்த ஆஸ்பத்திரியில எல்லாமே அத்தியாவசியமாம்."

மரகதவல்லி சிரிக்கவில்லை. அவருக்கும் அந்த ஆஸ்பத்திரியைத் தெரியும்.

ஊர் நடுவில் இருக்கும் பழைய டிரஸ்ட் ஆஸ்பத்திரி அது. காசு வந்தபோதெல்லாம் ஒரு கட்டடம் கட்டியிருந்தார்கள். எந்தக் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்தோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஊர் கரண்ட் போனால் மொத்த ஆஸ்பத்திரியையும் தாங்க இரண்டு பெரிய ஜெனரேட்டர்கள் இருந்தன. இரண்டும் கிழடு தட்டிவிட்டன. அவற்றைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் புதிய மின் நிலையம் வர வேண்டும். வேறு இடம் இல்லை.

பழசு போய்ப் புதுசு ஓடத் தொடங்கும்வரை சில வாரங்களுக்கு ஒரு வாடகை ஜெனரேட்டர்தான் துணை. அதுவும் சின்னது. பெரியதைக் கொண்டுவரலாம் என்றால் முன்வாசலில் நிறுவனர் கட்டிய கல் வளைவு குறுக்கே நிற்கிறது. பின்வாசலில் காய்கறிச் சந்தை. பக்கத்தில் ஆக்சிஜன் டாங்க். கிரேன் வைத்து மேலாகத் தூக்கலாம் என்றால் உயர் அழுத்தக் கம்பி. வளைவைக் கொஞ்சம் இடித்துக் கட்டலாமா என்று செல்லப்பாண்டியன் ஒருமுறை கேட்டுவிட்டார். அவர்களுடைய தாத்தாவையே இடிக்கச் சொன்னதுபோல டிரஸ்டிகள் அவரைப் பார்த்தார்கள்.

ஆக, அந்தச் சின்ன ஜெனரேட்டர் யாரைத் தாங்கும், யாரைத் தாங்காது என்று ஒரு பட்டியல் வேண்டும். கோடைக்காலம். ஊரில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பட்டியலில் இல்லாத கட்டடத்தில் கரண்ட் போனால் போனதுதான். அந்தப் பட்டியலைப் போடுவது செல்லப்பாண்டியன் வேலை. பழைய ஜெனரேட்டர்களைத் துண்டு துண்டாகக் கழற்றித் தூக்க ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது.

"யார் யாரு கேட்கிறாங்க?" என்றார் மரகதவல்லி.

"யாரு கேட்கலைன்னு கேளுங்க. ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ., பிரசவ வார்டு. சரி, நியாயம். ஸ்கேன் டாக்டர் மெஷினுக்கும் கேட்கிறார், அவர் ரூம் ஏ.சி.க்கும் கேட்கிறார். ஏ.சி. இல்லைன்னா அவருக்கு ரிப்போர்ட் எழுத வராதாம். அக்கவுண்ட்ஸ்காரர் பில் போடற கம்ப்யூட்டர் உயிர்நாடின்னு சொல்றார். அதோட வரவேற்பறையில ஒரு மீன் தொட்டி."

"மீன் தொட்டியா?"

"டிரஸ்டி மகள் வாங்கி வச்சதாம். மீனுக்குக் காத்து போயிடுமாம். நான் இதுக்கா மேடம் இவ்வளவு வருஷம் சர்வீஸ் போட்டேன்?"

மரகதவல்லி வரைபடத்தை விரித்தார். செல்லப்பாண்டியனின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கட்டடங்களுக்கு நேராகச் சிவப்பு மையில் 'அத்தியாவசியம்', நீல மையில் 'தேவையில்லை'. நீலம் மொத்தத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. இன்னொன்று சலவைக்கூடம்.

"சலவைக்கூடத்துக்கு மட்டும் யாரும் சண்டை போடலையா?"

"போடல. போட்டாலும் விட்டிருக்க மாட்டேன். ரெண்டு நாள் துணி துவைக்கலைன்னா யாரும் சாகப் போறதில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், நிஜமாவே கேட்கிறேன். எல்லாரும் என்னுதுதான் உசிருன்னு சொல்லும்போது, எது உசிருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மரகதவல்லி வரைபடத்தைச் சுருட்டி அவரிடமே கொடுத்தார்.

"நாளைக்கு இன்னொரு மீட்டிங் போடுங்க. நானும் வர்றேன்."

"இன்னொண்ணா!"

"இந்தத் தடவை துறைத் தலைவர்கள் மட்டும் இல்லாம, ஒவ்வொரு கட்டடத்துல இருந்தும் ஒருத்தரை வரச் சொல்லுங்க. சலவைக்கூடத்துல இருந்தும்."

"அவங்க எதுக்கு? வந்து சோப்பு பத்திப் பேசவா?"

"கரண்ட், துறை வழியாப் போறதில்ல சார். கட்டடம் வழியாப் போகுது. கூப்பிடுங்க."

செல்லப்பாண்டியன் கூப்பிட்டார். ஆனால் ஏன் கூப்பிடுகிறோம் என்று தனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டுதான் கூப்பிட்டார்.

மறுநாள் மீட்டிங் ஹால் நிரம்பி வழிந்தது. வரைபடத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்பதால் கனத்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இரண்டு குழல்விளக்கு மட்டும் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பெரிய டாக்டர்கள். அவர்களுக்கு நடுவில் நிர்வாக டாக்டர் ஞானதுரை. கடைசி வரிசையில் கட்டடத்துக்கு ஒருவராக வந்தவர்கள். மரகதவல்லியும் அங்கேதான், பின்சுவரை ஒட்டிய நாற்காலியில், ஹாலின் மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ்.

"சலவைக்கூடத்துல இருந்து யார்?" என்று செல்லப்பாண்டியன் ஆரம்பத்திலேயே கேட்டபோது அந்த நர்ஸ்தான் எழுந்து நின்றார்.

"சரி சரி, உட்காருங்க," என்றார் செல்லப்பாண்டியன். சலவைக்கு எதற்கு நர்ஸ் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. பெட்ஷீட் கணக்கு பார்ப்பவராக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிறகு தொடங்கியது.

"ஸ்கேன் மெஷின் ஒரு தடவை நின்னா திரும்ப எழுப்ப அரை நாள் ஆகும். என்னை எடுத்தீங்கன்னா நான் ராஜினாமா பண்ணிடுவேன்," என்றார் ஸ்கேன் டாக்டர்.

"மெஷின் இருக்கு டாக்டர். உங்க ரூம் ஏ.சி.யைத்தான் எடுக்கலாமான்னு கேட்கிறேன்."

"அதுவும் மெஷின்தானே?"

அக்கவுண்ட்ஸ்காரர் எழுந்தார். "பில் போடலைன்னா நோயாளி வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுக்குப் போகலைன்னா பெட் காலியாகாது. பெட் காலியாகலைன்னா புது நோயாளி எங்க படுப்பார்? சொல்லுங்க சார், பில் உசிரா இல்லையா?"

சொன்னவருக்கே அவ்வளவு அழகாக வந்ததில் ஆச்சரியம்.

கடைசி வரிசையில் அந்த நர்ஸ் கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணு சொல்லணும், எங்க..."

"ரெண்டு நிமிஷம் சிஸ்டர். பெட்ஷீட்டைக் கடைசியாப் பேசிக்கலாம்."

நர்ஸ் கையை இறக்கினார். டிரஸ்டியின் ஆள் ஒருவர், நிறுவனர் சிலைக்கு மேல் எரியும் விளக்கு ஆஸ்பத்திரி திறந்த நாளில் இருந்து அணைந்ததே இல்லை என்றார். ஐ.சி.யூ. டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். அவர் பெயர் பட்டியலில் முதலிலேயே இருந்ததால் அவருக்குக் கவலை இல்லை. மீன் தொட்டி விஷயம் வந்தது. ஒருவர் சிரித்தார். சிரித்ததற்கு ஒரு சண்டை வந்தது.

நர்ஸ் மறுபடியும் கையைத் தூக்கினார். இந்தத் தடவை எழுந்தும் நின்றார்.

"சார், எங்க வார்டு..."

செல்லப்பாண்டியன் அவரைப் பார்த்தார். பார்த்தும் எரிச்சல்தான் வந்தது.

"சிஸ்டர், சொன்னேன்ல. ரெண்டு நிமிஷம். முக்கியமானவங்க முதல்ல பேசி முடிக்கட்டும்."

நர்ஸ் உட்கார்ந்தார். ஸ்கேன் டாக்டரும் அக்கவுண்ட்ஸ்காரரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள்.

விளக்கு அணைந்தது.

திரையில் இருந்த வரைபடமும் போய்விட்டது. ஹால் இருட்டானது.

உடனே எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.

"போச்சா? ஜெனரேட்டர் வரும், வரும்."

"பார்த்தீங்களா, இதைத்தான் சொன்னேன்!"

"யாராவது போய்ப் பாருங்கப்பா."

"என் போனைக் காணோமே."

பின்பக்கம் ஒரு நாற்காலி கவிழ்ந்தது. கதவு தடாரென்று திறந்து மூடியது. யாரோ தாழ்வாரத்தில் ஓடும் சத்தம் கேட்டது. செல்லப்பாண்டியன் இருட்டில் கம்ப்யூட்டரைத் தடவிக்கொண்டிருந்தார். காலையில் திருத்திய வரைபடத்தை அவர் இன்னும் சேமித்து வைக்கவில்லை. அவர் கை பட்டு டீ டம்ளர் ஒன்று மேஜையில் சாய்ந்தது.

"ஐயோ, என் டிராயிங்," என்றார்.

ஜெனரேட்டர் வரவில்லை. வழக்கமாக வந்துவிடும் நேரம் தாண்டியும் வரவில்லை. நிர்வாக டாக்டர் ஞானதுரை, "என்னய்யா நடக்குது இங்க?" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினார். இருட்டு பதில் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. எல்லாரும் கண்ணைக் கசக்கினார்கள். செல்லப்பாண்டியன் கைக்குட்டையால் வரைபடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மல்லாந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு கைப்பை, மூக்குக்கண்ணாடி. நர்ஸைக் காணவில்லை.

"பழைய ஜெனரேட்டர் செத்துப் போச்சு. சீக்கிரம் பட்டியலை முடிங்க. அதுல நம்ம கம்ப்யூட்டரை..." என்று அக்கவுண்ட்ஸ்காரர் விட்ட இடத்தில் தொடங்கினார்.

கதவு மறுபடியும் திறந்தது. நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. கொண்டை அவிழ்ந்து தோளில் தொங்கியது. காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

"கரண்ட் போகவே இல்ல," என்றார். "அங்க எல்லாம் எரியுது. இந்த ஹாலுக்கு மட்டும்தான் போயிருக்கு. யாரு பண்ணினது?"

மரகதவல்லி எழுந்து நின்றார். "நான்தான் சிஸ்டர். மெயினை இறக்கிட்டேன். என்னை மன்னிக்கணும்."

"மன்னிக்கிறதா? உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா? நான் படியில விழுந்திருந்தா? அங்க போய்ச் சேர்றவரைக்கும் என் நெஞ்சு எப்படி அடிச்சுதுன்னு தெரியுமா? இன்குபேட்டர்ல ஆறு குழந்தைங்க இருக்குதுங்க. ஒண்ணு என் உள்ளங்கை அளவுதான் இருக்கு. சூடு குறைஞ்சா அதுங்க அழக்கூட அழாது, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சிஸ்டர். தப்பு என்னுதுதான்."

அவர் ஒரு சமாதானமும் சொல்லாமல் நின்றார். நர்ஸ் திட்டி முடிக்கும்வரை நின்றார்.

செல்லப்பாண்டியனின் கைக்குட்டை பாதியில் நின்றுவிட்டது.

"எந்த வார்டு சிஸ்டர் நீங்க?"

"பச்சைக்குழந்தை வார்டு. இன்சார்ஜ் நான்தான். அருள்செல்வி."

"அது பிரசவ வார்டோட சேர்ந்ததுதானே? பிரசவ வார்டு பட்டியல்ல இருக்கே. சிவப்பு மையில போட்டிருக்கேனே."

"கீழ தண்ணி புகுந்தப்போ எங்களை அங்க இருந்து மாத்தினாங்க சார். இப்ப சலவைக்கூடத்து மாடியில இருக்கோம். கரண்டும் சலவைக்கூடத்து லைன்தான்."

நிர்வாக டாக்டர் ஞானதுரை தொண்டையைச் செருமினார். "அது தற்காலிக ஏற்பாடு."

"மூணு மழை தாண்டிடுச்சு டாக்டர்."

பிரசவ டாக்டர் குழந்தை டாக்டரைப் பார்த்தார். குழந்தை டாக்டர் பிரசவ டாக்டரைப் பார்த்தார். பச்சைக்குழந்தை வார்டைப் பற்றி மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். இருவருமே பட்டியலில் இருந்த 'பிரசவ வார்டு' என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள்.

செல்லப்பாண்டியன் ஈரமான வரைபடத்தைப் பார்த்தார். டீ எங்கெங்கோ பரவியிருந்தது. சலவைக்கூடத்தில் படவில்லை. 'தேவையில்லை' என்ற நீல எழுத்து அவர் கையெழுத்தில் முத்து முத்தாக அப்படியே இருந்தது. இது தெரியாமலே ஞாயிற்றுக்கிழமை லாரி வந்திருக்கும். இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கேபிளைப் பிடுங்கியிருப்பார்கள்.

ஸ்கேன் டாக்டர் மெல்ல எழுந்தார்.

"என் ரூம் ஏ.சி.யை எடுத்துடுங்க," என்றார். "ஃபேன் போட்டுக்கிறேன்."

நிறுவனர் சிலை விளக்கை டிரஸ்டியின் ஆளே எடுக்கச் சொன்னார். அக்கவுண்ட்ஸ்காரர் ஒரு கம்ப்யூட்டர் போதும் என்றார். ஒரே ஒரு குரல் மட்டும் பின்னால் இருந்து, "அப்ப மீன் தொட்டி?" என்று கேட்டது. இப்படிப்பட்ட ஒருவர் எல்லா மீட்டிங்கிலும் இருப்பார். அவரை ஒன்றும் செய்ய முடியாது.

நிர்வாக டாக்டர் ஞானதுரை போகும்போது மரகதவல்லியின் அருகில் நின்றார்.

"நீங்க பண்ணினது எனக்குப் பிடிக்கலம்மா."

"எனக்கும் பிடிக்கல டாக்டர்."

மீட்டிங் முடிந்ததும் செல்லப்பாண்டியன் சலவைக்கூடத்துக்குப் போனார். இத்தனை வாரத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. கீழே கொதிநீர் ஆவியும் சோப்பு வாசனையும். மாடிப்படி குறுகலாக இருந்தது. பாதிப் படியில் அருள்செல்வியின் மற்றொரு செருப்பு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். வரிசையாகப் பெட்டிகள். ஒரு பெட்டியில் இருந்த குழந்தையின் விரல்கள் தீக்குச்சி போல இருந்தன. அது எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல விரல்களை விரித்தது, மடக்கியது. யாரும் சாகப் போவதில்லை என்று தான் சொன்னது செல்லப்பாண்டியனுக்கு நினைவு வந்தது. அவரால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. செருப்பைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினார்.

வாசலில், எந்தப் பெரிய வண்டியையும் உள்ளே விடாத அந்தக் கல் வளைவின் கீழே, மரகதவல்லி ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார். செல்லப்பாண்டியன் வந்து பக்கத்தில் நின்றார்.

"மேடம், நேத்து நான் கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் கிடைச்சிடுச்சு," என்றார்.

"என்ன பதில் சார்?"

"விளக்கை அணைக்கணும். எவன் உட்கார்ந்து கத்துறான், எவன் எழுந்து ஓடுறான்னு பார்க்கணும். ஓடுறவன்தான் அத்தியாவசியம். என்ன ஒரு யுக்தி மேடம்! சர்வீஸ்ல ஒருத்தன்கூட இதைச் சொல்லித் தரல. அடுத்த வாரம் மில்லுல மீட்டிங் இருக்குல்ல? அங்க நானே மெயினை இறக்கிடறேன்."

மரகதவல்லி கண்களை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஐ.சி.யூ. டாக்டர் ஓடினாரா சார்?"

"இல்ல. உட்கார்ந்துதான் இருந்தார்."

"அப்ப ஐ.சி.யூ. வேண்டாமா?"

"அப்புறம் எதுக்கு மேடம் அணைச்சீங்க?"

"கோபம் சார். தாங்க முடியல. இவங்க வாயை ஒரு நிமிஷமாவது மூடணும்னு தோணுச்சு, இறக்கிட்டேன். அது தப்பு. அதுக்குத்தான் திட்டு வாங்கினேன்."

"தப்பா இருந்தா என்ன? அதனாலதானே சிஸ்டரைக் கண்டுபிடிச்சோம்?"

ஆட்டோ வந்து நின்றது. மரகதவல்லி பையை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சீடர் ஏற இடம் விட்டு நகர்ந்தார். சீடர் ஏறாமல் பதிலுக்காக நின்றார்.

"கண்டுபிடிக்கிறதுக்கு அவங்க எங்க சார் தொலைஞ்சு போனாங்க? நல்ல வெளிச்சத்துல ரெண்டு தடவை கையைத் தூக்கினாங்க. ரெண்டு தடவையும் நீங்க பார்த்தீங்க."